கொப்பளித்துவிட்டு வந்தவர்

குடித்துவிட்டு வந்ததால் முறிந்த சம்பந்தங்கள் ஊருக்கு நாலு இருக்கும். குடிக்காமல் வந்ததால் முறியப் பார்த்த சம்பந்தம் ஒன்றை நான் பெங்களூரில் பார்த்தேன். பெண்ணின் அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். அவரையே கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார். அந்த ஆட்டலுக்கு ஆமாவா இல்லையா என்று நாமாகத்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆம்பூரில் தோல், திருப்பூரில் பனியன், ஓசூரில் ரோஜாத் தோட்டம் என்று சுற்றிவிட்டு, பெங்களூர் பீன்யாவில் இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் ஒரு ஷெட்டில் சேர்ந்தேன். தங்கியது கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சந்தில், மாடிக்கு மேல் மாடியில், தகரக் கூரை அறை. வெயிலில் வேகும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லாததால் அது ஒரு குறையாகப் படவில்லை. கீழ்வீட்டில் அவர், அவர் மனைவி, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டேன். அண்ணி சனிக்கிழமைகளில் குழம்பு கொடுத்தனுப்புவார். உறவு அப்படித்தான் உண்டாயிற்று.

அண்ணா வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டினார். வேலைக்குப் போனதும் கேட்டில் செக்யூரிட்டி ஒரு மெஷினை வாய்க்கு நேரே நீட்டுவான். ஊத வேண்டும். பச்சை எரிந்தால் வண்டியை எடுக்கலாம். சிவப்பு எரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், மறுபடி வர வேண்டியதில்லை. அண்ணாவுக்கு ஒரு நாளும் சிவப்பு எரிந்ததில்லை. அவர் குடிப்பவரே இல்லை.

"வாயில வச்சா நல்லாத்தான் கீது. உள்ள எறங்குனா வயிறு சண்டைக்கு வருது" என்று ஒருமுறை சொன்னார்.

ஆனால் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும், இந்த ஏரியாவிலேயே பெரிய குடிகாரர் அவர்தான் என்று சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, சாவு எதுவானாலும் சரி, மனிதர் வாசனையோடுதான் வருவார். மூலையில் நின்று ஆடுகிற ஆள் இல்லை. தமட்டை மேளம் அடிக்கிறவர்களுக்கு முன்னால், நடுவில் நின்று ஆடுவார்.

விஷயம் எனக்குத் தெரிந்தது ஒரு காதுகுத்து அன்றைக்கு. மண்டபத்தின் பின்பக்கம் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு குழாய் இருந்தது. என்னை அங்கே கூட்டிப் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு நைன்டியை எடுத்தார். நைன்டி என்றால் கர்நாடகாவில் கிடைக்கும் சின்ன அட்டைப் பாக்கெட் விஸ்கி. பார்க்கப் பிள்ளைகள் குடிக்கும் ஜூஸ் டப்பா மாதிரி இருக்கும். ஓரத்தைப் பல்லால் கிழித்தார். ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, தொண்டைக்குள் களகளவென்று ஓட்டினார். இடது கன்னம், வலது கன்னம். பிறகு சாக்கடையில் துப்பினார். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, அத்தர் பூசுவதுபோல் காலரில் தடவிக்கொண்டார். மீதிப் பாக்கெட்டை என்னிடம் நீட்டினார்.

"கீழ ஊத்துனா பாவம். நீ சாப்டு."

"நீங்க?"

"என்து முடிஞ்சிது."

உள்ளே போன ஐந்தாவது நிமிடம் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. தோள் இறங்கிவிட்டது, குரல் திறந்துவிட்டது. சமையல்காரரிடம் சாம்பாரில் உப்பு கம்மி என்றார். குழந்தையின் தாய்மாமனிடம் "விக்கு கொஞ்சம் எடதுபக்கம் சாஞ்சிகீது, ரைட்டுல இழு" என்றார். தாய்மாமன் சிரித்துக்கொண்டே இழுத்துவிட்டுக்கொண்டார். "அண்ணன் போட்டுகினு வந்துகீறாரு, வுடு" என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். பிறகு ஆட்டம். சட்டை முதுகோடு ஒட்டும்வரை ஆடினார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன்ணா இப்டி? சும்மாவே போயி ஆடலாமில்ல?"

"சும்மா ஆடுனா பைத்தியம்னுவாங்கோ. வாசனையோட ஆடுனா ஜாலி ஆளுன்னுவாங்கோ. டிக்கெட் எடுக்காம பஸ்ல ஏறலாமாடா?"

அன்றிலிருந்து எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் டிக்கெட். ஏதாவது விசேஷம் என்றால் மாடிப்படியில் நின்று மேலே பார்த்து, "டிக்கெட் கீதா?" என்பார். காசு அவருடையது, வாங்கி வைப்பது என் பொறுப்பு. ஒரு வாய் அவருக்கு, மீதி எனக்கு. இதைவிட நியாயமான கூட்டு வியாபாரம் நான் எங்கும் செய்ததில்லை.

நான் விசேஷத்துக்கு முன்னால் குடிப்பது வேறு காரணத்துக்கு. தெரிந்தவர்கள் இல்லாத மண்டபத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால், பரிமாறுகிறவன் 'இவன் யார் வீட்டு ஆள்' என்று பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றும். கொஞ்சம் உள்ளே போனால் அப்படித் தோன்றாது. அவ்வளவுதான்.

அண்ணி இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரே கருத்தை வைத்திருந்தார். அதை வாரம் ஒருமுறை சொல்வார். "குடிகாரன் பொண்டாட்டின்னு பேரு எனக்கு. அந்தாளுக்குக் குடிக்கிற சொகமும் இல்ல. நடுவுல இந்த மாடி ஆளுக்கு ஓசி சரக்கு. இது இன்னா குடும்பம்டா சாமி!"

கடைசியில் சொன்ன மாடி ஆள் நான்தான்.

*

அவர் பேசத் தெரியாதவர் இல்லை. ஒருமுறை வைட்ஃபீல்டில் கேன்டீன் வேலை ஒன்று இருக்கிறது என்று அவர் வண்டியிலேயே போனேன். முன்சீட்டில் நான். வழியில் மூன்று பெண்கள் பின்னால் ஏறினார்கள். "ஏசி ஓகேவாம்மா?" என்று ஆரம்பித்தார். பாலத்தடியில் டிராஃபிக் நின்றது, பேச்சு நிற்கவில்லை. ஒரு பெண்ணின் பல்வலி, இன்னொருத்தியின் மாமியார், மேனேஜர் லீவு தராதது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அத்தனையையும் மேலே இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பின்னால் சிரிப்பு அடங்கவே இல்லை. இறங்கியதும் பல்வலிக்காரப் பெண் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து, "தேங்க்ஸ் அங்கிள், அந்தக் கிராம்பு ஐடியா சூப்பர்" என்றாள். நேருக்கு நேர் முகம். அண்ணா நின்ற வண்டியில் கியரை மாற்றிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் தெரிகிற முகத்தோடு பேசுவார். நேரே இருக்கிற முகத்தோடு பேச அவருக்கு வாசனை வேண்டும். மனிதரின் மொத்த விவரமும் இதுதான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

லீவு நாட்களில் ஒரு டிராவல்ஸ் வண்டியும் ஓட்டுவார். ஒரு சாயங்காலம் அதை முடித்துவிட்டு வந்து அதிசயமாகச் சொன்னார். பின்னால் ஏறிய நாலு இளவட்டங்கள் தண்ணீர் பாட்டிலில் எதையோ கலந்து, மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டே வந்தார்களாம். "எங்கப்பா போறீங்கோ?" என்று கண்ணாடியில் கேட்டிருக்கிறார். "பப்புக்கு அங்கிள்."

"குடிக்கற எடத்துக்குப் போறதுக்கு குடிச்சிட்டுப் போறானுங்கடா! ஏன்டான்னா, உள்ள ரேட்டு ஜாஸ்தியாம். வெளிய ஏத்திகினு போனா உள்ள ஒண்ணோட முடிச்சிக்கலாமாம்." வண்டி துடைக்கிற துணியை உதறினார். "அவனுங்கோ பில்லுக்குப் பயந்து குடிக்கிறானுங்கோ. நீ பரிமார்றவனுக்குப் பயந்து குடிக்கிற. நான் எல்லாத்துக்கும் பயந்து துப்புறேன்."

அதுவரை மனிதர் தன்னைப் பற்றிப் பேசியதில் நீளமான வாக்கியம் அதுதான். பேசியதும் எதிரே இருந்த என்னைப் பார்த்து இல்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டே, அதன் கண்ணாடியில் என்னைப் பார்த்து.

*

ஒருமுறை மாட்டிக்கொண்டோம். ரிசப்ஷன் நடந்த மண்டபத்தில் குழாய் இருக்காது என்று வீட்டு வாசலிலேயே கொப்பளித்துவிட்டுக் கிளம்பினார். ஸ்கூட்டரில் அவர் முன்னால், மீதி நைன்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பின்னால். சிக்னல் தாண்டி டிராஃபிக் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. ஊதச் சொன்னார்கள். மெஷின் கத்தியது.

"காடி சைடிகே ஹாக்கு" என்றார் போலீஸ்காரர். வண்டியை ஓரம் கட்டு.

வேறு நாளாக இருந்தால் அண்ணா வாயடைத்துப்போய் ஸ்டேஷன்வரை போயிருப்பார். அன்றைக்கு வாசனை இருந்தது. அதனால் பேச்சும் இருந்தது.

"சார், குடிதில்லா சார். பாய் முக்களிசிதீனி, அஷ்டே."

குடிக்கவில்லை, வாய் கொப்பளித்தேன், அவ்வளவுதான். போலீஸ்காரர் தன் வேலையில் எத்தனையோ சாக்கு கேட்டிருப்பார். இது புதிது என்று முகத்திலேயே தெரிந்தது. கூட இருந்தவரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். அண்ணா கன்னத்தை உப்பி நடித்தே காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை ஊதவிடுங்கள் என்று கேட்டார். தண்ணீர் வாங்கி நன்றாக வாயைக் கழுவினார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, வைட்ஃபீல்ட் டிராஃபிக்கை எப்படிச் சரிசெய்யலாம் என்று இரண்டு போலீஸ்காரர்களுக்கும் விளக்கினார். பிறகு ஊதினார். மெஷின் சைபர் காட்டியது.

போலீஸ்காரர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். கூட இருந்தவரை ஊதச் சொல்லிப் பார்த்தார். அதுவும் சைபர். "எல்லி ஹோய்துரீ அது?" என்றார். எங்கேய்யா போச்சு அது? அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார். அது எங்கே போயிருந்தது என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கொப்பளிப்பது என்று சட்டம் வந்தது.

*

மகளுக்கு வந்த சம்பந்தம் இப்படி. பீன்யாவில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிற ஒரு பையன். வாராவாரம் அம்மாவுக்கு பிபி மாத்திரை வாங்க, மெட்ரோ ஏறி இவள் வேலை பார்க்கும் கடைக்கு வந்துகொண்டிருந்தான். பீன்யாவில் மருந்துக் கடையே இல்லையா என்று இவள் ஒரு நாள் கேட்டிருக்கிறாள். "கீது, நீங்கோ இல்ல" என்றானாம். அதோடு முடிவாகிவிட்டது. பெரியவர்கள் பேச வேண்டியதுதான் பாக்கி.

பையனுக்கு அப்பா இல்லை. குடித்தே போய்ச் சேர்ந்தவர். எங்கள் சந்தில் யாரோ பையனின் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்: பெண் தங்கம், ஆனால் அப்பன் எங்கே போனாலும் போட்டுக்கொண்டுதான் வருவான். அந்த அம்மா முதலில் மாட்டேன் என்றார். பையன் கெஞ்சி, ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லும்படி சம்மதிக்க வைத்தான். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அம்மாவை மீறுகிற பையன் இல்லை. அது மகளுக்கும் தெரியும்.

அண்ணி உத்தரவு போட்டார். "நாயித்துக்கெழம ஒரு சொட்டு வாயிலயோ சட்டையிலயோ பட்டுதுன்னா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். மாடி ஆளே, ஒனக்கும் சேத்துத்தான்."

அண்ணா தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பையனின் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். வழக்கம் மாறக் கூடாது என்று பையனைக் கூட்டி வரவில்லை. என் அறையிலிருந்த இரண்டு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நான் வாசற்படியில் நின்றேன். அண்ணா வெள்ளைச் சட்டையில், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கவலையில் இரவு தூங்கவில்லை, கண் சிவந்திருந்தது.

"எத்தினி வருசமா வண்டி ஓட்றீங்கோ?" என்று மாமா கேட்டார்.

அண்ணா மின்விசிறியைப் பார்த்தார். "வண்டி."

"ஆமா, வண்டி."

"ஓட்றேன்."

அண்ணி காப்பி கொடுத்தார். அண்ணா டம்ளரைத் தூக்கினார். கை நடுங்கிக் காப்பி வேட்டியில் சிந்தியது. பையனின் அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்த கண், நடுங்கும் கை, பேச்சு வராத வாய். பல காலைகளில் பார்த்துப் பழகிய காட்சி அவருக்கு. தம்பிக்குக் கண்ணைக் காட்டினார். மாமா நாற்காலியை நகர்த்தி, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்ப்பதுபோல் அண்ணா பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்தார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார். மெதுவாக என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"வாசனையே இல்லக்கா."

"அதான் பயமா கீது. வாசன வராத சரக்கு வந்துகீதாமே."

"வோட்காவா?"

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை. "பொண்ணு நல்ல பொண்ணு. எங்க வூட்ல ஒருத்தர அதுக்குக் குடுத்தாச்சு. இன்னொரு தபா அந்தக் கையப் பாத்துகினு உக்கார எனக்குத் தெம்பு இல்லம்மா." எழுந்துவிட்டார்.

சமையலறை வாசலில் நின்ற மகள், "அம்மா, சொல்லிடும்மா" என்றாள்.

அண்ணி சொன்னார். கேட்டில் ஊதுவது, குழாயடியில் கொப்பளிப்பது, துப்புவது, மீதி மாடிக்குப் போவது எல்லாம். மாமா வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"குடிக்கறத மறைக்கற ஆம்பளயப் பாத்துகீறேன். குடிக்காதத மறைக்கறதா? எங்க, செய்யச் சொல்லு, பாக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேலே ஓடி ஒரு நைன்டியை எடுத்து வந்தேன். அண்ணா வாஷ்பேசினில் அத்தனை பேருக்கும் முன்னால் கொப்பளித்துத் துப்பினார். திரும்பினார். தோள் இறங்கியிருந்தது.

"உக்காருங்கோம்மா, ஏன் நின்னுகினு? மாமா, படத்தப் பாக்கற மாதிரி மோந்தீங்களே, அதுல இருக்கறது எங்க மாமனார். அவரு மேலயும் வாசன வராது..."

மாமாவுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அந்த அம்மா ஓரடி பின்னால் நகர்ந்திருந்தார். முந்தானை மூக்கில் இருந்தது. நாங்கள் யாரும் இல்லாத ஏதோ ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா வார்த்தைக்கு நடுவில் நிறுத்திவிட்டார். அவருக்கு அது டிக்கெட். அந்த அம்மாவுக்கு அது புருஷன்.

திரும்பிப் போய் வாயைக் கழுவினார். பேஸ்ட் போட்டுத் தேய்த்து, மறுபடி தேய்த்தார். காலரை நனைத்துக் கசக்கினார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி மனிதர் கல்தான் என்று நினைத்தேன். அவர் எங்கள் பக்கம் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூலையில் இருந்த பீரோவின் முன்னால் போய் நின்றார். அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கதவைக் கொஞ்சம் திறந்தார், கொஞ்சம் சாத்தினார். அந்த அம்மாவின் முகம் அதில் சரியாக விழும்வரை திருப்பினார்.

பிறகு, பழக்கதோஷத்தில், "ஏசி ஓகேவாம்மா?" என்றார்.

அந்த அம்மா திகைத்துப்போய், கண்ணாடியைப் பார்த்து, "ம்... ஓகே" என்றார்.

"எனக்கு நேராப் பாத்துப் பேச வராதும்மா. சின்னதுலேந்தே இப்டித்தான். அந்த வாசனைய வச்சித்தான் நாலு பேர் மத்தில நின்னேன். உங்களுக்கு அது இன்னான்னு நான் ரோசன பண்ணல. இனிமே உங்க முன்னாடி அது வராது. என் பொண்ணு என்ன மாதிரி இல்ல, நேராப் பாத்துப் பேசுவா. அவள பேச வுடுங்கோ, அது போதும்."

மூச்சு விடாமல் சொன்னார். அந்த அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. இந்தப் பக்கம் திரும்புங்கோ, தேதி பேசலாம்."

அண்ணா திரும்பவில்லை.

"திரும்ப மாட்டாரு" என்றார் அண்ணி.

"அப்ப அங்கியே நில்லுங்கோ. ஆவணில வச்சிக்கலாமா?"

கண்ணாடியில் தலை ஆடியது. இந்த முறை அது ஆமா என்று எல்லோருக்கும் புரிந்தது.

*

கல்யாணத்துக்குள் பீன்யா ஷெட்டை மூடிவிட்டார்கள். நான் சேலம் பக்கம் போர்வெல் லாரியில் ஏறியிருந்தேன். கல்யாணத்தன்று காலையில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். வருகிற வழியில், சொல்லாமலே ஒரு நைன்டி வாங்கிக்கொண்டேன். மண்டபத்தின் பின்பக்கம் அவரைத் தனியாகப் பிடித்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையிலேயே வைத்துத் தட்டினார்.

"இன்னிக்கு ஃபுல்லா ஒனக்கு."

நான் பந்திக்கு முன்னால் அதை முடித்துவிட்டேன். நான் ஒன்றும் திருந்தவில்லை.

வாசலில் தமட்டை ஆரம்பித்தது. சந்து முழுவதும் அண்ணாவுக்காகக் காத்திருந்தது. அவர் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது கம்பம் மாதிரி நின்றார். பெண்ணின் அப்பா ஆடாத கல்யாணமா என்று யாரோ கத்தினார்கள். அவர் கம்பத்தை இன்னும் இறுக்கினார். மணமேடைப் பக்கமிருந்து மகள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையனின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பன்னீர் சோடா. மூடியைத் திறந்து அண்ணாவிடம் நீட்டினார்.

"சம்பந்தி, இத்தக் கொப்பளிங்கோ."

அண்ணா பாட்டிலைப் பார்த்தார். ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, களகளவென்று ஓட்டினார். இடது கன்னம், வலது கன்னம். சாக்கடையில் துப்பினார். விரலில் ஒரு சொட்டு எடுத்துக் காலரில் தடவினார். கம்பத்தை விட்டார்.

அன்றைக்கு ஆடிய ஆட்டத்தில் தமட்டைக்காரர்களே களைத்துவிட்டார்கள். நடுவில் இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டு, "மாமா, இன்னிக்கு செம ஏத்தமா கீதே, இன்னா பிராண்டு?" என்று கேட்டார்கள்.

அண்ணா ஆட்டத்தை நிறுத்தாமல், கேட்டவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"சம்பந்தியம்மா பிராண்டு."